மாமனார் சொன்ன நாற்பது

வங்கியில் சேர்ந்தபோது எனக்கு இரண்டு வருடம் புரொபேஷன். புதிதாகப் பிரித்துக் கட்டிய இன்ஜினுக்கும் அப்படி ஒன்று உண்டு. ரன்னிங்-இன் என்பார்கள். அதன் கதையை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன் :-)

மாமனாருடையது 1984 மாடல் பிரீமியர் பத்மினி, மும்பை குர்லா ஆலையில் பிறந்தது. அடிப்படையில் ஃபியட் 1100. பத்மினி என்ற பெயர் வந்தது 1974-ல். 1089 சிசி இன்ஜின், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். லைசென்ஸ் ராஜ் காலத்தில் பணம் கட்டி வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய காரை யார் தூக்கிப் போடுவார்கள்? இன்ஜின் தேய்ந்தால் ரீபோர், பெரிய சைஸ் பிஸ்டன், புது ரிங். அப்புறம் பின்கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று ஒட்டிக்கொண்டு நிதானமாக ஓட்டுவார்கள்.

எங்கள் காரும் ரீபோர் ஆகி வந்தது. "மாப்பிள்ளை, ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாற்பதைத் தாண்டாதீங்க" என்றார் மாமா. நானும் தாண்டவில்லை. தினமும் காலையில் செம்பூர் வீட்டு வாசலில் அரைமணி நேரம் ஐடிலிங்கில் வேறு விட்டேன். 600 கிலோமீட்டரில் நீலப் புகை!

காரணம் இதுதான். ரீபோர் செய்தபின் சிலிண்டர் சுவரில் ஹோனிங் கல்லால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் போடுவார்கள். எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு அழுத்தும்போதுதான் கீறலின் முனைகள் மழுங்கி ரிங் பொருந்தும். பள்ளங்களில் ஆயில் தங்கும். இன்ஜினுக்கு வேலையே கொடுக்காவிட்டால் அழுத்தம் போதாது. ஆயில் கருகிச் சுவரில் வழுவழுப்பாகப் படிந்துவிடும். அதற்குப் பிறகு ரிங் பொருந்தாது.

மாமா சொன்னது தப்பில்லை. அந்தக் காலக் கையேடுகள் வேகத்துக்கு உச்சவரம்பு சொல்லின. வீட்டுக்கு வீடு அது 'ஊர்ந்து போ' என்று மாறிவிட்டது.

மறுபடி பிரித்து, ஹோனிங், புது ரிங். இந்த முறை ஐடிலிங் கிடையாது. 20டபிள்யூ-40 மினரல் ஆயில் ஊற்றி, பன்வேல் சாலையில் முப்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்கு ஏற்றுவேன், ஆக்ஸிலேட்டரை விட்டு இறக்குவேன், திரும்ப ஏற்றுவேன். டாப் கியரில் திணறவிடவில்லை. 500-ல் ஆயில் மாற்றினேன். அதுவரை மலைப்பாதைப் பக்கமே போகவில்லை.

மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. எங்கள் வண்டி ஓடுகிறது. போன கிருத்திகைக்கு மாமாவை செடா நகர் முருகன் கோயிலுக்கு அதில்தான் அழைத்துப் போனேன். எண்பது வயசு. இறங்கியதும் நேராகப் பின்பக்கம் போய்ப் புகைக்குழாயைப் பார்த்தார்.

"நாற்பதுதானே போனீங்க?"

"ஆமாம் மாமா."

முருகன் மன்னிப்பார் :-)