கண் மாத்திரை: வெர்ஷன் 2

எங்க பெரியப்பாவுக்கு மாகுலர் டிஜெனரேஷன். வயசாக ஆக விழித்திரையோட நடுப்பகுதி கெட்டுப்போற நோய்; எதிர்ல நிக்கிறவங்க முகமே மங்கிடும். யாரோ வாங்கிக் குடுத்த வைட்டமின் டப்பாவை நீட்டி, "இதைச் சாப்பிடலாமாடா?"ன்னார். பொட்டி தட்டுறவனுக்கு மருத்துவம் தெரியாது. வரலாறு தோண்டத் தெரியும்.

அமெரிக்க தேசிய கண் நிறுவனத்தின் ஏரெட்ஸ் ஆய்வு முடிவு 2001ல் வந்தது. வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், கொஞ்சம் தாமிரம் (துத்தநாகம் அதிகமானா உடம்புல தாமிரம் குறையும், அதுக்கு ஒரு பேட்ச்!). நடுத்தர நிலையில் இருந்தவர்களுக்கு நோய் முற்றும் அபாயம் 5 வருஷத்தில் சுமார் 25% குறைந்தது. போன பார்வை திரும்பலை.

ஆனா 1994லேயே ஃபின்லாந்தில் சுமார் 29,000 புகைபிடிக்கும் ஆண்களை வச்சு ஒரு ஆய்வு நடந்து முடிஞ்சிருந்தது. பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கும்னு பார்த்தா, 18% கூடியிருந்தது! 2013ல் ஏரெட்ஸ்2 வந்து, அதைத் தூக்கிட்டு லூட்டின் 10 மி.கி., ஸியாசாந்தின் 2 மி.கி. போட்டாங்க. அதிலும் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவங்களுக்குத்தான் அந்தப் புற்றுநோய் அதிகம். பெரும்பாலும் புகையை எப்பவோ விட்டவங்க.

பெரியப்பா பீடியை விட்டு நாலு வருஷம்தான் ஆகுது. டப்பாவைத் திருப்பினேன். பொடி எழுத்தில் பீட்டா கரோட்டின்.

வாங்கி உள்ளே வச்சுட்டேன். சனிக்கிழமை கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.