காற்றை அளந்தோர்: ஒரு வரலாற்று நோக்கு

காற்று எல்லோருக்கும் பொதுவானது. ஆயின், அக்காற்றைப் பற்றிய அறிவு எல்லோருக்கும் பொதுவானதாக இருந்ததில்லை. வளி மாசடைதலை அளந்தறியும் முயற்சியின் வரலாறு, அவ்வறிவு யார் கையில் இருந்தது என்பதன் வரலாறுமாகும்.

1952 டிசெம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரை நிலக்கரிப் புகை கலந்த மூடுபனி சூழ்ந்தது. அதன் கொடுமை மரணப் பதிவுகள் தொகுக்கப்பட்ட பின்னரே முழுமையாகப் புலனாயிற்று. ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனரென அப்போது மதிப்பிடப்பட்டது. பிற்கால ஆய்வொன்று அத்தொகையை 12,000 வரை உயர்த்தியது. 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. அங்கு இறந்தோரே அளவுகோலாயினர் எனலாம்.

2008இல் பீஜிங்கிலுள்ள அமெரிக்கத் தூதரகம் ஒரு கருவியை நிறுவி, 2.5 மைக்கிரோமீற்றருக்கு உட்பட்ட நுண்துணிக்கைகளின் அளவை மணிதோறும் டுவிற்றர் வாயிலாக வெளியிடலாயிற்று. நகர நிருவாகம் அக்காலத்தில் அவ்வளவை வெளியிடவில்லை. 2012இல் சீன அரசு தன் நியமங்களில் இத்துணிக்கைகளையும் சேர்த்தது. 2013 ஜனவரி 12இல் தூதரகக் கருவி கன மீற்றருக்கு 886 மைக்கிரோகிராம் எனக் காட்டியது. ஒரு நாளைய சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் அன்று விதந்துரைத்த எல்லை 25 மட்டுமே. ஒரு கருவியே சீனாவின் கொள்கையை மாற்றிற்று என்பது மிகை. எனினும், மக்கள் வினா எழுப்புதற்கு அவ்வெண்கள் ஆதாரமாயின.

கொழும்பு உட்படப் பல நகரங்களின் அமெரிக்கத் தூதரகங்களும் இவ்வாறே அளந்து வந்தன. 2025 மார்ச்சில் அமெரிக்கா அத்தரவுகளின் வெளியீட்டை நிறுத்தியது. இரவல் அளவுகோலை நம்பியிருத்தல் எத்துணை நிலையற்றது என்பதை இது உணர்த்துகின்றது.

இந்நிலையிலேயே செய்மதியும் மலிவுவிலை உணரியும் முக்கியத்துவம் பெறுகின்றன. 1999இல் ஏவப்பட்ட ரெறா செய்மதி முதலியன பரந்த நிலப்பரப்பின் மேலுள்ள துணிக்கைகளை நோக்குகின்றன. ஆயின், அவை காண்பது முழு வளிநிரலையே. நாம் சுவாசிக்கும் மட்டத்தை மட்டுமன்று. முகில் மறைத்தால் அதுவும் இல்லை. உணரியோ துணிக்கைகள் சிதறும் லேசர் ஒளியைக் கொண்டு தெருவின் காற்றையே அளக்கின்றது. ஆயினும், ஈரப்பதன் மிகுந்தால் துணிக்கைகள் பருத்து, அளவும் மிகைப்படும். ஆகவே அதனைத் தரமான கருவியொன்றின் அருகில் வைத்துச் சரிபார்த்தல் வேண்டும்.

கல்வெட்டையும் இலக்கியத்தையும் அகழாய்வையும் ஒப்புநோக்கி உண்மை காண்பது வரலாற்று மாணவரின் முறை. காற்றுக்கும் அம்முறையே பொருந்தும். தனிச் சான்று போதாது. இலண்டனில் மரணப் பதிவேடு ஆற்றிய பணியை இனி உயிரோடிருப்போரின் குறிப்பேடு ஆற்றுவதாக!