சூரிய வெப்பக் கணப்பு

குளிர்நாட்டு வீடுகளை வெயிலின் சூட்டைக் கொண்டே வெதுவெதுப்பாக வைத்திருக்கும் ஏற்பாடு. சோலார் பேனல் வெயிலை மின்சாரமாக்குகிறது. இங்கோ சூட்டைச் சூடாகவே பிடித்துச் சூடாகவே செலவழிக்கிறார்கள். பிடிப்பது எளிது: கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தகடு போதும். நடுப்பகல் சூட்டை நள்ளிரவுக்கும், ஜூலை வெயிலை ஜனவரிக்கும் சேர்த்து வைப்பதுதான் பெரும்பாடு.

தெற்குப் பார்த்த வீட்டின் அருமையைச் சாக்ரடீஸ் பேசியதாகச் செனபோன் எழுதியிருக்கிறார். குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்ந்து செல்வதால் வெயில் தாழ்வாரம் தாண்டி உள்ளே விழும். கோடையில் சூரியன் தலைக்கு மேலே ஏறிவிடக் கூரை நிழல் தரும். 1881இல் அமெரிக்காவின் சேலம் நகரத்து எட்வர்ட் மோர்ஸ், கண்ணாடிக்கும் கறுப்புப் பரப்புக்கும் நடுவே சூடாகும் காற்றை அறைக்குள் விடும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

1939இல் எம்.ஐ.டி.யில் ஹாய்ட் ஹாட்டெல் குழு கட்டிய வீட்டில், கூரைத் தகடுகளில் சூடான நீர் நிலவறையில் ஒரு பெருந்தொட்டியில் தேங்கியது. குளிர்காலம் முழுக்க வீடு சூடாகவே இருந்தது. ஆனால் செலவுக் கணக்கைப் பார்த்தால், அந்தப் பணத்துக்கு எரிபொருள் வாங்குவதே மலிவு.

தண்ணீருக்குப் பதில் உப்பைப் பிடித்தவர் புடாபெஸ்டில் பிறந்த மரியா டெல்கஸ். 1948இல் மாசசூசெட்ஸ் மாநில டோவரில் எழுந்த அவருடைய சூரிய வீட்டை வரைந்தவர் எலினோர் ரேமண்ட்; பணம் கொடுத்தவர் சிற்பி அமீலியா பீபாடி. மூவரும் பெண்கள் என்பதை அன்றைய பத்திரிகைகள் விடவில்லை. மாடியின் தெற்கு முகம் முழுக்கக் கண்ணாடி. அதன் பின்னால் சூடான காற்றை விசிறிகள் இழுத்து, கிளாபர் உப்பு அடைத்த கலங்களின் மேல் விட்டன. அந்த உப்பு சுமார் 32 டிகிரி செல்சியஸில் உருகும். உருகும்போது வாங்கிக்கொண்ட சூட்டை, இரவில் உறையும்போது திருப்பித் தரும். இரண்டு குளிர்காலம் நன்றாகவே ஓடியது. பிறகு, உருகி உறைந்து உருகி உறைந்து, உப்பு மேலும் கீழுமாகப் பிரிந்து மண்டியது. கலங்கள் துருப்பிடித்துக் கசிந்தன. கடைசியில் வீட்டுக்கு வழக்கமான சூடேற்றியே வந்தது. டெல்கஸின் தோல்வி என்று இதைச் சொல்வதுண்டு; நிலைமாறும் பொருள்களில் சூட்டைத் தேக்கும் இன்றைய ஆய்வுகளுக்கு முன்னோடி இந்த வீடுதான்.

பிரான்சின் பிரெனீஸ் மலையில், ஒடேயோவில், பெலிக்ஸ் டிரோம்பும் ஜாக் மிஷேலும் 1967இல் கட்டிய வீட்டில் உப்பும் இல்லை, விசிறியும் இல்லை. கறுப்புச் சாயம் பூசிய தடித்த கான்கிரீட் சுவர், அதற்கு முன்னால் கண்ணாடி. சுவரைக் கடந்து சூடு உள்ளே வரப் பல மணி நேரமாகும். அதாவது, குளிர் ஏறும் நேரத்துக்குச் சரியாக வந்து சேரும். இந்த டிரோம்ப் சுவர் லடாக்கில் மண் கட்டுமானத்தோடு நன்றாகப் பொருந்தியது. அங்கே குளிர்கால இரவு உறைநிலைக்குக் கீழே 20 டிகிரிக்கும் இறங்கும். பகலிலோ வானம் பளிச்சென்று இருக்கும். லே அருகே பே கிராமத்திலுள்ள செக்மோல் பள்ளி வளாகத்தில் குளிர்காலத்துக்குத் தெற்குச் சுவரை ஒட்டிப் பிளாஸ்டிக் தாள் கட்டுவார்கள். கோடை வந்ததும் அவிழ்த்துவிடுவார்கள்.

பருவம் தாண்டிச் சேமிப்பதில் பெரிதாக வென்றது கனடாவின் ஒகோடாக்ஸ் நகரத்து டிரேக் லேண்டிங் குடியிருப்பு. 2007இல் 52 வீடுகள், கார் கொட்டகைக் கூரைகளில் தகடுகள், கோடைச் சூட்டைப் பூமிக்குள் இறக்க 144 துளைகள். 2015–16 குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க வெயில் மட்டுமே போதுமானதாக இருந்தது. பின்னர் கருவிகள் பழுதாகத் தொடங்க, 2024இல் எரிவாயுவுக்கு மாற முடிவாயிற்று.

டென்மார்க்காரர்கள் வீட்டுக்கு வீடு தொட்டி வைக்காமல் ஊருக்கே ஒன்று வைத்தார்கள். டம்ளர் காபி ஆறுகிற வேகத்தில் அண்டா வெந்நீர் ஆறாது. வோயென்ஸ் நகரில் 2015இல், பழைய மணற்குழி ஒன்றில் சுமார் 2 லட்சம் கன மீட்டர் நீரை நிரப்பி, அதன் மேல் மிதக்கும் மூடியைப் போட்டார்கள். கோடையில் சூடேறும் அந்த நீரின் வெப்பம் குளிர்காலத்தில் குழாய் வழியே வீடுகளுக்குப் போகிறது.