மண்ணைப் பார்த்து டயர் வாங்குங்க

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், நம்மாட்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்விதான். "பையன் மலை சைக்கிளை ஊருக்குக் கொண்டு போகணும்ங்கிறான். இருக்கிற டயரே போதுமா, வேற மாத்தணுமா?" ஐந்து நாள் ஆபீசில் ஆணி பிடுங்கிவிட்டு சனிக்கிழமையானால் சைக்கிளில் மலையேறும் ஆசாமி என்று பெயர் எடுத்தாயிற்று, பதில் சொல்லித்தானே ஆகணும்! எனக்குச் சொந்த ஊர் சித்தூர், பொட்டி தட்டுவது கலிபோர்னியாவில். இரண்டு ஊர் மண்ணும் கொஞ்சம் தெரியும்.

ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால், தலைப்பைப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்த டயர் எந்த மண்ணில் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதனால் நூற்று முப்பது வருடத்துக்கு மேல் பின்னால் போய்விட்டு வருவோம்.

ஜான் பாய்ட் டன்லப் ஸ்காட்லாந்துக்காரர், பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர். அந்தக் காலத்துச் சைக்கிளுக்கெல்லாம் கெட்டி ரப்பர் டயர்தான். கரடுமுரடான தெருவில் ஓட்டினால் எலும்பெல்லாம் ஆட்டம் காணும். தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்கு ரப்பர் குழாயில் காற்றடைத்து மாட்டிப் பார்த்தார். 1888-ல் காப்புரிமையும் வாங்கினார். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே குதிரை வண்டிக்கு இதே யோசனையைப் பதிவு செய்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆக, முதல் காற்று டயரே மோசமான பாதைக்குச் சொல்லப்பட்ட பதில்தான்.

அதே 1888-ல்தான் நம்ம பக்கம் திருத்தணியில் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்தார். திருத்தணி அப்போது வட ஆற்காடு மாவட்டம். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதற்குள் வந்தது, 1960-ல் மெட்ராஸ் மாநிலத்துக்குப் போனது. சித்தூர்க்காரனுக்கு எப்படித் தமிழ் வந்தது என்று கேட்பவர்களுக்காக இந்த வரலாறு.

வட ஆற்காட்டுக்கும் டயருக்கும் வேறொரு உறவும் உண்டு. சைக்கிள் மோகம் பிடித்த 1890-களில் உலகத்துக்கு ரப்பர் போதவில்லை. பிரேசிலிலிருந்து 1876-ல் ஹென்றி விக்கம் கொண்டுவந்த விதைகளில் முளைத்த கன்றுகள் லண்டன் கியூ தோட்டம் வழியாக இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்திருந்தன. பிறகு கார் டயரும் சேர்ந்துகொள்ள, மலாயாவில் காடு அழிந்து தோட்டம் ஆனது. பால் வெட்டக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கங்காணிகள் ஆள் பிடித்த மாவட்டங்களில் வட ஆற்காடும் ஒன்று. நாம் விமானத்தில் பறந்து வந்து டயர் விலை பற்றிப் புலம்புவதற்கு நூறு வருடம் முன்பே, நம் ஜனம் அந்த டயருக்குள் இருக்கிறது. இன்றைக்கும் நல்ல சைக்கிள் டயரின் கலவையில் இயற்கை ரப்பர் உண்டு.

இப்போது கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். அப்பாவிடம் இருந்தது ராடு பிரேக் போட்ட பெரிய கறுப்பு சைக்கிள். டயர் 28 x 1½. எங்கள் பக்கத்தில் பால் கேன், வேர்க்கடலை மூட்டை, வெல்லம் எல்லாம் இந்த ஒரே டயரில்தான் போனது. மூலமாதிரி இங்கிலாந்துடையது, அங்கத்திய கிராமச் சாலைகளுக்காக உருவானது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கிய பிறகு ஹெர்குலிஸ் நம்மூர்ச் சரக்காகவே ஆகிவிட்டது. சக்கரம் பெரிதாக இருந்தால் சின்னப் பள்ளத்தில் இறங்காமல் தாண்டிப்போகும், அதுதான் அந்த சைக்கிளின் சூட்சுமம். இப்போது பெருமையாகப் பேசும் 29 அங்குல மலை சைக்கிள் ரிம்மின் அளவு 622 மில்லிமீட்டர். அப்பா சைக்கிளுக்கு 635! தாத்தா காலத்துச் சைக்கிள்தான் பெரிசு. :-)

கடையில் டயர் ஒரே வகைதான். மாற்ற முடிந்தது காற்றை மட்டும். பஞ்சர் கடையில் அப்பா பேசியது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏம்பா, இன்னைக்கு ஏரிக்கரை வழியா போகணும். காத்தை ரொம்ப இறுக்கி அடிக்காதே."

"சரிங்க சார். ஆனா கேரியர்ல மூட்டை ஏத்திடாதீங்க, கல்லுல எறங்கினா ரிம்முக்கு நடுவுல ட்யூப் நசுங்கிடும்."

மலை சைக்கிள் டயர் பற்றி இன்று எழுதப்படும் பாடங்களில் பாதி இந்த இரண்டு வரிக்குள் அடக்கம். காற்றைக் குறைத்தால் டயர் தரையை அகலமாகப் பிடிக்கும். அளவு மீறிக் குறைத்தால் கல்லில் அடிபட்டு ட்யூப் போகும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைப் பாதையும் பாரமும் தீர்மானிக்கும்.

சரி, மலைக்கு வருவோம். நான் இருக்கும் இடத்திலிருந்து வடக்கே மரின் கவுண்டியில் டாமல்பையஸ் என்ற மலை. எழுபதுகளில் அங்கே சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களை மேலே ஏற்றிக்கொண்டுபோய் மண்பாதையில் கீழே பாய்ந்தார்கள். 1976 அக்டோபர் 21-ல் அவர்கள் நடத்திய பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர். இரண்டு மைலில் சுமார் 1300 அடி இறக்கம். பிரேக் சூட்டில் ஹப்புக்குள் இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும், திரும்ப கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். பெயர் வந்த கதை அது.

அவர்கள் தேடிப் பிடித்ததெல்லாம் 1930, 40-களின் ஷ்வின் சைக்கிள்கள். காரணம் டயர். அமெரிக்கப் பொருளாதாரம் படுத்திருந்த 1933-ல் ஷ்வின் கம்பெனி 2.125 அங்குல அகல டயரைக் கொண்டு வந்தது, பிள்ளைகள் எங்கே முட்டினாலும் தாங்கட்டும் என்று. வெயிலில் காய்ந்து, இறுகிய தரைமேல் பொடிக்கல் சிதறிக் கிடக்கும் கலிபோர்னியா மலைக்கு அந்தப் பலூன் டயர் மட்டுமே தாக்குப்பிடித்தது. 1977-ல் ஜோ ப்ரீஸ் இதற்கென்றே புது சைக்கிள் கட்டினார். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது. சட்டம், கியர் எல்லாம் மாறின, 26 அங்குல அகல டயர் மட்டும் நிலைத்தது.

அங்கிருந்து ஊருக்கு ஊர் டயர் பிரிந்தது. ஈரச் சேற்று நாடான இங்கிலாந்தில் அகல டயரில் சேறு அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாமல் நின்றது. அதனால் ஒல்லியான டயர், உயரமான பட்டன், நடுவே நல்ல இடைவெளி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜப்பானின் பனாரேசர் கம்பெனி பின் சக்கரத்துக்கு ஸ்மோக், முன் சக்கரத்துக்கு டார்ட் என்று தனித்தனியே டயர் விற்றது. பின் டயரின் வேலை தள்ளுவது, முன் டயரின் வேலை திருப்பத்தில் பிடிப்பது. 1999-ல் இரண்டு மாற்றங்கள்: மாவிக், மிஷ்லின், ஹட்சின்சன் சேர்ந்து கொண்டுவந்த ட்யூப் இல்லாத டயர், டபிள்யூ.டி.பி. கம்பெனியின் முதல் 29 அங்குல மலை டயர்.

இனி நம்மூர் மண். திருமலைக்கு 1944-ல் போட்ட முதல் மலைப்பாதையில் பஸ்ஸில் போனவர்கள் ஓரத்துப் பாறையைப் பார்த்திருப்பீர்கள். கீழே பழைய கிரானைட், அதன்மேல் அடுக்கடுக்காகக் குவார்ட்சைட். இரண்டுக்கும் நடுவே பல கோடி ஆண்டு இடைவெளி. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அந்தக் கோடுதான் டயர் வாங்க வழிகாட்டி.

கோட்டுக்குக் கீழே, சித்தூர் பக்கம் முழுக்க, கிரானைட் உதிர்ந்த செம்மண்ணும் பருமணலும். கோடையில் இறுகிய தரைமேல் பொடி உருளும், கிட்டத்தட்ட மரின் மலை மாதிரியேதான். இதற்கு 2.2-லிருந்து 2.4 அங்குல டயர், நடுவில் நெருக்கமான குட்டைப் பட்டன், ஓரத்தில் உறுதியான பட்டன். காற்று கொஞ்சம் குறைவாக.

கோட்டுக்கு மேலே, சேஷாசலம் அடிவாரப் பாதைகளில், குவார்ட்சைட் உடைந்தால் விளிம்பு கத்தி மாதிரி. அங்கே பட்டனைவிட டயரின் பக்கச்சுவர்தான் முக்கியம். கனம் கூடினாலும் பரவாயில்லை, பக்கம் தடித்த டயராக வாங்குங்கள். காற்றை ரொம்ப இறக்காதீர்கள். காட்டுக்குள் போவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். அது தேசியப் பூங்கா, 2010-லிருந்து உயிர்க்கோளக் காப்பகமும்கூட.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஊருக்குப் போனால் வடகிழக்குப் பருவமழை. 2021 நவம்பரில் திருப்பதி வெள்ளத்தில் மிதந்தது ஞாபகம் இருக்கும். ஏரிக்கரைக் களிமண்ணுக்கு இங்கிலாந்துக்காரன் வழிதான்: ஒல்லி டயர், உயரப் பட்டன், நிறைய இடைவெளி.

எல்லாக் காலத்துக்கும் பொது எதிரி முள். கருவேல முள்ளுக்கு எந்தப் பட்டனும் தடை இல்லை. ட்யூப் இல்லாத டயரில் ஓட்டை அடைக்கும் திரவம் ஊற்றினால் சின்ன முள்ளெல்லாம் தானாகவே அடைபடும். நம்ம வெயிலுக்கு அது சீக்கிரம் காயும், கிளம்புமுன் புதிதாக ஊற்றுங்கள். ட்யூப்தான் என்றால் உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டுத்துண்டு பையில் இருக்கட்டும்.

கடைசியாக, நான் கவலைப்படுகிற விஷயம். தொண்ணூறுகளில் நம்மூரில் 'கியர் சைக்கிள்' வந்தபோது பெரிய பட்டன் டயர்தான் கவர்ச்சி. ஓடியதோ தார் ரோட்டில். தாரில் பட்டன் மட்டும்தான் தரையைத் தொடும், திருப்பத்தில் அது வளையும், மழையில் வழுக்கும். எங்கள் சித்தப்பா பையன் அப்படி ஒரு ஈரத் திருப்பத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். புது சைக்கிள், புது டயர், ஒரு குறையும் இல்லை. ரோடுதான் அந்த டயருக்கு உரியதல்ல. உங்கள் பிள்ளை ஊரில் பாட்டி வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு மட்டும்தான் ஓட்டப்போகிறான் என்றால், நடுப்பகுதி வழவழப்பான டயரை மாட்டிக் கொடுங்கள்.

வாங்கும்போது டயர் பக்கவாட்டில் இருக்கும் மில்லிமீட்டர் எண்ணைப் பாருங்கள். 26 x 2.1 மலை டயர் 559. 26 x 1⅜ டயரோ 590. இரண்டும் '26' தான், ஒன்று மற்றதன் ரிம்மில் ஏறாது. 27.5 என்றால் 584, 29 என்றால் 622. ஒரு டயர் மாற்றத்தான் காசு இருக்கிறது என்றால் முன் டயரை மாற்றுங்கள். பின் டயர் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், முன் டயர் வழுக்கினால் கீழேதான்.

எங்கள் பழைய சித்தூர் மாவட்டத்திலேயே, இப்போது திருப்பதி மாவட்டமாகிவிட்ட சின்னபாண்டூரில், அப்போலோ டயர்ஸ் 2020-ல் பெரிய தொழிற்சாலை திறந்திருக்கிறது. கார், லாரி டயர்கள். அந்த மண்ணுக்கென்றே ஒரு சைக்கிள் டயரை யாராவது செய்தால், முதல் ஜோடி எனக்கு.