பாண்டியர் வீட்டுப் பங்காளிச் சண்டை

பிள்ளைகள் வாளெடுத்தால் தாய் கத்தியோடு நடுவில் வந்து நிற்பாளாம். சண்டையை நிறுத்தாவிட்டால் உங்களுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்துக்கொள்வேன் என்பாளாம். பாண்டிய நாட்டை ஆண்ட ஐந்து சகோதரர்களைப் பற்றி மார்க்கோ போலோ சொன்ன கதை இது. தாய் கண்ணை மூடியதும் இவர்கள் அடித்துக்கொண்டு அழிவார்கள் என்று ஆரூடமும் சொல்லிவைத்தார். ஆரூடம் பலித்தது அடுத்த தலைமுறையில்.

அந்தச் சகோதரர்களின் தலைமுறையைச் சேர்ந்த மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268இல் பட்டமேறி 40 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவர். காயல் துறைமுகத்தில் முத்தும் அரபுக் குதிரையும் கைமாறிக் கஜானா நிரம்பிய காலம். பட்டத்தரசியின் மகன் சுந்தரபாண்டியன். வேறொருத்தியின் மகன் வீரபாண்டியன். தந்தையின் மனம் வீரபாண்டியன் பக்கம் சாய, ஆத்திரத்தில் சுந்தரபாண்டியன் 1310இல் தந்தையையே கொன்று மதுரையில் முடிசூடினான் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸாஃப்.

கொலைக்குச் சாட்சி அவர் ஒருவர்தான். ஆனால் சண்டைக்கான விதை முன்பே விழுந்திருந்தது. ஒரே காலத்தில் பலர் பட்டம் கட்டி, ஆளுக்கொரு வட்டாரத்தை ஆள்வது பாண்டியர் வழக்கம். தந்தை உயிரோடு இருக்கும்போதே மகன்கள் இருவரும் தத்தம் ஆட்சியாண்டை எண்ணிக் கல்வெட்டு வெட்டினார்கள். ஆளுக்கொரு படையும் வரி வருவாயும் இருந்தால், அப்பன் போன மறுநாள் யார் விட்டுக்கொடுப்பார்?

பங்காளிச் சண்டை என்றதும் போசள மன்னர் மூன்றாம் வல்லாளர் கொள்ளையடிக்கத் தெற்கே கிளம்பினார். அதற்குள் டில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் அவர் தலைநகரை நெருங்கிவிட, அலறியடித்துத் திரும்பிப் பணிந்தார். 1311இல் காபூர் பாண்டிய நாட்டுக்குள் நுழைந்தார். கொட்டும் மழையில் வீரபாண்டியனைத் துரத்தியும் ஆள் அகப்படவில்லை. ஏப்ரலில் மதுரைக்கு வந்தால் ஊரே காலி. கோயிலில் இரண்டு மூன்று யானைகள் மட்டும் நின்றன. மொத்தக் கொள்ளை 512 யானைகள், 5,000 குதிரைகள் என்று டில்லி அவைக் கவிஞர் அமீர் குஸ்ரோ கணக்குச் சொல்கிறார்.

காபூரை அழைத்துவந்ததே சுந்தரபாண்டியன்தான் என்று பள்ளிப் பாடத்திலிருந்தே கேட்டுவருகிறோம். அவர் டில்லியில் அடைக்கலம் தேடியதாக வஸாஃப் எழுதியிருப்பது உண்மை. ஆனால் காபூர் யாரையும் அரியணையில் ஏற்றிவிட்டுப் போகவில்லை. கிடைத்ததை வாரிக்கொண்டு திரும்பிவிட்டார். விருந்துக்கு அழைத்து வந்தவராக எனக்குத் தோன்றவில்லை.

காபூர் போன பிறகாவது அண்ணன் தம்பி சேர்ந்தார்களா? இல்லை. இந்த இடைவெளியில் வேணாட்டு ரவிவர்மன் குலசேகரன் காஞ்சிபுரம் வரை வந்துவிட்டார். அவரை அங்கிருந்து விரட்டக் காகதீயர் படை வந்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)