வரியும் மகமையும்: வணிகர் சங்க அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

வணிகர் சங்கங்களின் வரி எதிர்ப்பை நாம் இதுவரை இரண்டு விதமாகத்தான் வாசித்து வந்திருக்கிறோம். ஒன்று, அரசுக்கு எதிரான மக்கள் கோபத்தின் ஒரு பகுதியாக. கடையடைப்பு என்றதும் நம் தோழர்களும் போய் மேடையில் உட்கார்ந்துவிடுவது இந்த வாசிப்பினால்தான். மற்றது, 'யாவாரி புத்தி' என்கிற வசை. இரண்டுமே போதவில்லை என்று எனக்குப் படுகிறது. வரியை ஏற்றாதே என்பவர்கள் அதே மூச்சில் சாலை, தண்ணீர், சாக்கடை, விளக்கு கேட்கிறார்கள். நகராட்சி வரி அநியாயம் என்பவர்கள், நடைபாதைக் கடைகளை அகற்றச் சொல்லி மனுக் கொடுக்கும்போது மட்டும் 'நாங்க வரி கட்டுறோம், அவன் கட்டுறானா?' என்று அதே வரியைப் பட்டயம்போல நீட்டுகிறார்கள். இதை வெறும் நேர்மையின்மை என்று ஒதுக்கிவிட்டால் வேலை சுலபம். ஆனால் இந்த முரணுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது எங்கள் சீமையிலேயே இருக்கிறது.

நான் உச்சிப்புளிக்காரன். இராமேசுவரம் போகிற சாலையும் ரயிலும் தொட்டுக்கொண்டு போகும், ஊராட்சியாகவே வளர்ந்த ஊர். 'பேரூராட்சியா ஆக்கணும்' என்பதும் 'ஆக்குனா வரி ஏறிடும்' என்பதும் இங்கே ஒரே டீக்கடைப் பெஞ்சில், சில சமயம் ஒரே வாயிலிருந்து கேட்கக் கிடைக்கும். எங்கள் சீமை என்று நான் சொல்வது பழைய இராமநாதபுரம் ஜில்லாவை. 1985இல் மூன்றாகப் பிரியும்வரை விருதுநகர், அருப்புக்கோட்டை, சிவகாசி எல்லாம் அதில்தான் இருந்தன. மகமையின் வரலாறு அந்த ஊர்ப் பேட்டைகளில் கிடக்கிறது.

மகமை என்பது வணிகர்கள் தமக்குத்தாமே போட்டுக்கொண்ட வரி. கைமாறும் மூட்டைக்கு, பொதிக்கு இவ்வளவு என்று பிடித்து உறவின்முறைப் பொதுவில் சேர்ப்பது. நாடார் வணிகர்கள் இந்தப் பணத்தில் கிணறு வெட்டினார்கள், கோயில் எடுத்தார்கள், பள்ளி கட்டினார்கள். விருதுபட்டி என்று அன்று அழைக்கப்பட்ட விருதுநகரில் 1885இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை, மகமையிலும் வீடுவீடாகத் திரட்டிய பிடியரிசியிலும் வளர்ந்த பள்ளி. கமுதி கோயிலுக்குள் நுழையும் உரிமை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. பொதுவெளி மறுக்கப்பட்ட ஒரு சாதி தனக்கென்று ஒரு குட்டி அரசாங்கத்தையே கட்டிக்கொண்டதன் பொருளாதாரம்தான் மகமை. அதன் இந்தப் பக்கத்தைக் கொச்சைப்படுத்த எனக்கு உத்தேசமில்லை.

ஆனால் மகமையைக் கொடுத்தது யார்? மூட்டைக்கு இவ்வளவு என்று பிடிக்கிற பணம், பஞ்சு கொண்டுவந்த சம்சாரியின் விலையில் குறையும் அல்லது வாங்குகிறவரின் விலையில் ஏறும். கல்வெட்டில் பெயர் மட்டும் வணிகருடையது. வட இந்தியாவில் இதேபோல் 'தர்மாதா' என்று விற்பனைச் சீட்டிலேயே சேர்த்து வசூலிப்பார்கள். வருமான வரித்துறை இதையும் வருமானமாகக் கணக்கிட்டபோது, பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. இது தர்மத்துக்கென்று வாடிக்கையாளர் தந்த பணம், வியாபாரியின் வருமானமல்ல என்று 1979இல் தீர்ப்பு வந்தது. சட்டப்படி சரியான தீர்ப்பாகவே இருக்கட்டும். வரி அதிகாரி கேட்டால் 'அது சனங்க காசு'. திறப்பு விழாவில் கேட்டால் 'நம்ம காசு'. நான் பேசும் முரணின் அச்சான வடிவம் இது.

ஆக, வணிகர்களுக்கு வரி என்கிற வடிவத்தோடு பகையில்லை. அவர்களே விதித்து, அவர்களே வசூலித்திருக்கிறார்கள். பகை வேறு இடத்தில் இருக்கிறது. மகமைக் கணக்கைக் கேட்க உறவின்முறைக்குள் பிறந்திருக்க வேண்டும். பஞ்சு விற்ற சம்சாரிக்கும் மூட்டை தூக்கிய கூலியாளுக்கும் அங்கே நாற்காலி கிடையாது. நகராட்சிக் கணக்கையோ, கொள்கையளவிலாவது, எவரும் கேட்கலாம். பிரச்சினை பணத்தில் இல்லை, கணக்குக் கேட்கும் உரிமையில் இருக்கிறது.

நகராட்சியும் ஒருகாலத்தில் மகமைபோலத்தான் நடந்தது. வெள்ளையர் காலத்து உள்ளாட்சித் தேர்தல்களில் வரி ரசீதுதான் வாக்குரிமை. காமராஜர் விருதுநகர் நகராட்சித் தேர்தலில் நிற்க வரி கட்டியவராக இருக்க வேண்டியிருந்ததால், முத்துராமலிங்கத் தேவர் ஒரு ஆட்டை வாங்கி அதற்கு அவர் பெயரில் வரி கட்டினார் என்று எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, ஆட்டு ரசீது இருந்தால்தான் ஒருவன் குடிமகன் என்கிற அந்தக் கால நியாயத்தை அது அப்படியே காட்டுகிறது. வரி கட்டுகிறவனே ஓட்டுப் போட்டு, அவனே உறுப்பினராகி, அவனே வரியை நிர்ணயித்தபோது வரி ஒரு கௌரவம். எல்லார் கைக்கும் ஓட்டு வந்தபிறகுதான் அது சுமையாகத் தெரிகிறது. 'வரி கட்டுகிற நாங்கள்' என்ற சொல்லாடலுக்குள் இந்த இழந்த அதிகாரத்தின் ஏக்கம் இருக்கிறது.

அப்படியானால் வரி எதிர்ப்பு எல்லாமே மேல்தட்டு அரசியலா? இல்லை. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த சீராலா-பேராலாவை எடுத்துக்கொள்வோம். நெசவாளர் ஊர். 1919இல் அதை நகராட்சியாக்கினார்கள். ஆண்டுக்கு 4,000 ரூபாய் அளவில் இருந்த வரி 40,000 ரூபாயை எட்டியது. 1921இல் துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யா தலைமையில் சுமார் 13,000 பேர் ஊரையே காலி செய்து, நகராட்சி எல்லைக்கு வெளியே ராம்நகர் என்று பெயரிட்டுக் குடிசை போட்டுப் பல மாதம் கிடந்தார்கள். தறிக்காரர் வரியை யார் தலையிலும் தள்ளிவிட முடியாது. அவர் தன் வீட்டைத்தான் விட்டுப் போக முடியும். ஷட்டரை ஒருநாள் இறக்குவதும் வீட்டை மாதக்கணக்கில் விட்டுப்போவதும் ஒரே போராட்டமல்ல. வரியை அடுத்தவர்மேல் தள்ள முடிந்தவர், முடியாதவர் என்கிற கோடு சங்கத்துக்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் ஓடுகிறது.

2022இல் தமிழகம் முழுக்கச் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது, நகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 சதம், வணிகக் கட்டடத்துக்கு 100 சதம் என்று போட்டார்கள். கட்டடச் சொந்தக்காரருக்கு வரும் நோட்டீஸ் மறுமாதமே வாடகையாக மாறிச் சிறுகடைக்காரர் தலையில் இறங்கிவிடும். சொந்தக்காரர், மொத்த வியாபாரி, வாடகைக் கடைக்காரர் மூவரும் ஒரே சங்கம், ஒரே பேனர். 'வணிகர்' என்கிற ஒற்றை அடையாளம் இந்த வர்க்க வேறுபாட்டை மூடி மறைக்கிறது. தொழில் வரியைப் பாருங்கள். அரசியல் சட்டத்தின் 276ஆம் பிரிவு 1950இல் அதற்கு ஆண்டுக்கு 250 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. 1988இல் அது 2,500 ஆயிற்று. அதற்குப் பிறகு நகரவேயில்லை. பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். நகைக்கடை முதலாளி எவ்வளவு சம்பாதித்தாலும் 2,500க்கு மேல் கிடையாது. இந்த அநியாயத்துக்கு எதிராக ஒரு கடையடைப்பை நான் கேள்விப்பட்டதில்லை. நடைபாதைக்காரரோ குத்தகைதாரரிடம் அன்றாடம் காசு கொடுத்தும் 'வரி கட்டாதவர்' ஆகிவிடுகிறார்.

2025 ஜனவரியில் ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது பல ஊர்களில் எதிர்ப்பு கிளம்பியது. நூறு நாள் வேலை போய்விடும் என்று பெண்கள் மறியல் செய்தார்கள். சொத்து வரி ஏறும் என்று கட்டடக்காரர்களும் எதிர்த்தார்கள். கோஷம் ஒன்று, பயம் இரண்டு. இதைப் பிரித்துப் பார்க்காமல் 'மக்கள் எதிர்ப்பு' என்று எழுதுவது நம் சோம்பேறித்தனம். வரி வராத உள்ளாட்சி முதலில் கைவைப்பது தூய்மைப் பணியாளர் கூலியில். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு ஒப்பந்தமயத்தை எதிர்த்துப் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தவர்களை நள்ளிரவில் தூக்கிப் போனார்கள். அவர்களுக்காக எத்தனை கடைவீதிகளில் ஷட்டர் இறங்கியது?

கடையடைப்புக்கு நாம் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. போகிறவர் மேடையில் மூன்றைக் கேட்டுவிட்டுப் பேசட்டும். கூடுதல் வரியை வாடகையில் ஏற்றமாட்டோம் என்று கட்டடக்காரர்கள் எழுதித் தருவார்களா? எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு வரி, எவ்வளவு பாக்கி என்பதைத் தெருமுனையில் எழுதிப்போடச் சங்கம் சம்மதிக்குமா? நடைபாதைக்காரரைச் சங்கத்தில் சேர்ப்பார்களா? இதற்கு வருகிற பதிலைப் பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்காருவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.