காயில் கட்டுறவர்

டவுன்ல இருக்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி: "டிகிரி இல்லாதவனுக்குக் கிராமத்துல என்னங்க வேலை இருக்கு, கூலி வேலைதானே?" அவங்களுக்காக எங்க பக்கத்துத் தொழில் ஒன்றின் கதையை இன்னைக்குச் சொல்றேன். மோட்டார் காயில் கட்டுற தொழில். வைண்டிங்னு சொன்னா உங்களுக்குச் சட்டுன்னு புரியும்.

கதை கிணத்துல இருந்துதான் ஆரம்பிக்குது. கோயம்புத்தூர், அவிநாசி, பல்லடம் பக்கமெல்லாம் மழை குறைச்சலான பூமி. வருஷத்துக்கு 700 மில்லிமீட்டரைத் தொட்டாலே நல்ல வருஷம்தான். ஆற்றுப் பாசனம் எல்லாருக்கும் கிடையாது. அதனால பாறையை வெட்டி ஆழமாகக் கிணறு தோண்டினாங்க. தண்ணி இறைக்கக் கவலை. ரெண்டு எருது, வடக்கயிறு, சால், அதன் அடியில தோல் தும்பி. எருதுகள் சரிவுல இறங்கும்போது சால் மேலே வரும், பின்னால நடந்தா கீழே போகும். எங்க அப்பாரு விடியறதுக்கு முன்னாலயே கவலை பூட்டிடுவாராம். வெயில் ஏறுற வரைக்கும் ஓட்டினாலும் நனையுறது சில பாத்திகள்தான்.

கோவையில 1888லேயே ஸ்டேன்ஸ் பஞ்சாலை வந்துடுச்சு. ஆலை இருந்தா ரிப்பேர் இருக்கும், ரிப்பேர் இருந்தா பட்டறை இருக்கும். 1930களின் தொடக்கத்துல நீலகிரியின் பைக்காராவில் இருந்து மின்சாரம் கீழே இறங்கினதும் இந்தப் பட்டறைகளுக்கு வேறொரு வேலை கிடைச்சுது. மின்சாரம் மில்லுக்கு மட்டும் ஏன், கிணத்துக்கும் வரலாமே? 1937ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மோட்டார் செய்தாங்க. இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார்னு அதைத்தான் சொல்றாங்க. ஜி.டி. நாயுடு சூலூர் பக்கத்துக் கலங்கல்ல 1893ல் பிறந்தவர், பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காதவர். ஓட்டல்ல வேலை செய்து காசு சேர்த்து, ஒரு வெள்ளைக்கார அதிகாரியோட மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரிச்சு மாட்டிக் கத்துக்கிட்டார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல பஸ் விட்டார். அவரைப் பற்றி எழுதாத ஆள் இல்லை, அதனால இதோட விடறேன். எனக்கு முக்கியம் அவருக்குப் பின்னால வந்த, பேர் தெரியாத ஆயிரம் பேர்.

சுதந்திரத்துக்கு அப்புறம் கம்பம் நட்டு நட்டு மின்சாரம் தோட்டங்களுக்கு வந்துச்சு. கவலை நின்னு மோட்டார் ஓடுச்சு. ஓடின மோட்டார் எரியவும் செய்தது. கம்பிக் கடைசியில இருக்கிற தோட்டத்துக்கு வோல்டேஜ் பத்தாது. மூணு பேஸ்ல ஒண்ணு போயிடும், அது தெரியாம மோட்டார் மீதி ரெண்டுல முக்கி முக்கி ஓடிக் காயில் கருகிடும். எங்க கஷ்டம்தான் இந்தத் தொழிலுக்குச் சோறு போட்டுச்சுன்னு சொல்லணும். கரண்ட் எங்களுக்கு எவ்வளவு முக்கியம்னா, 1970ல் யூனிட்டுக்கு ஒரு பைசா ஏத்தினதை எதிர்த்த போராட்டத்துல பெருமாநல்லூர்ல விவசாயிங்க துப்பாக்கிச் சூட்டில் செத்திருக்காங்க.

எரிஞ்ச மோட்டாருக்காகக் கம்பெனி இன்ஜினியர் கிராமத்துக்கு வர மாட்டார். கோவைப் பட்டறைகளுக்கு எடுபிடியாப் போன தோட்டத்துப் பையன்கள் வேலை கத்துக்கிட்டுத் திரும்பி வந்து, சந்தை கூடுற ஊர்கள்ல ஆளுக்கொரு கடை போட்டாங்க. எல்லாப் பையன்களுக்கும் அந்தக் கதவு திறந்திருந்ததுன்னு சொன்னா அது பொய். சொந்தக்காரர் பட்டறை, தெரிஞ்சவர் சிபாரிசுன்னுதான் உள்ளே போனாங்க. அதே ஊர்ல பண்ணையத்துக்கு வேலைக்கு வந்த குடும்பத்துப் பையனுக்குச் சிபாரிசு செய்ய ஆள் இருக்கவில்லை.

வேலை என்னன்னு பார்த்தா அசந்து போவீங்க. எரிஞ்ச காயிலை வெட்டி எடுக்கும்போதே ஒரு சுருளைப் பிரிச்சு எத்தனை சுத்துன்னு எண்ணணும். கம்பி என்ன கேஜ்னு அளக்கணும். எந்தக் காடியில தொடங்கி எந்தக் காடியில முடியுதுன்னு குறிக்கணும். எங்க ஊர்க்காரர் இதையெல்லாம் ஒரு நீளநோட்டுல எழுதி வச்சிருக்கார், முப்பது வருஷத்துக் கணக்கு. எந்தக் கம்பெனி, எத்தனை எச்.பி., எத்தனை சுத்து, எல்லாம் அதுல இருக்கு. அந்த நோட்டை அவர் யாருக்கும் காட்டினதில்லை. சுத்து குறைஞ்சா மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும், கூடினா இழுவை பத்தாது. மேலே நிற்கிற மோட்டாருக்கு எனாமல் கம்பி போட்டு வார்னிஷ் ஊத்திக் காய வைக்கணும். தண்ணிக்குள்ள இருக்கிற சப்மெர்சிபிளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி, அதுக்கு வார்னிஷ் கிடையாது. கோவை மோட்டார் கம்பெனிகள்ல இந்த வைண்டிங் வேலையைப் பெண்கள் நிறையப் பேர் செய்றாங்க. ஆனா எங்க பக்கம் ஒரு பெண் நடத்துற காயில் கடையை நான் பார்த்ததில்லை.

1990 வாக்குல விவசாயத்துக்குக் கரண்ட் இலவசமாச்சு. தண்ணி கீழே போகப் போக போர்வெல்லும் சப்மெர்சிபிளும் பெருகுச்சு. காயில்காரங்க வருமானம் ஏறினது இங்கேதான். எண்ணூறு அடியில இருக்கிற மோட்டாரை மேலே தூக்கப் பைப் கழட்டுற ஆளுங்க, வண்டி வாடகைன்னு காயில் கூலிக்குச் சமமா ஒரு செலவு இருக்கு. மட்டமாகக் கட்டின காயில் மூணு மாசத்துல போச்சுன்னா அந்தச் செலவு மறுபடியும் முதல்ல இருந்து வரும். அதனால நல்ல கைக்கு நாங்க பேரம் பேசுறதில்லை, கேட்கிறதைக் கொடுத்துடுறோம். அவர்கிட்ட யாரும் சர்டிபிகேட் கேட்டதில்லை. தண்ணி வருதா, எத்தனை வருஷம் வருதுங்கறது மட்டும்தான் கேள்வி.

எங்க ஊர்க்காரர் எட்டாவது வரைக்கும் படிச்சவர். முதல் மூணு வருஷம் கோவைப் பட்டறையில சம்பளமே இல்லை, சோறும் குட்டும்தான். இன்னைக்கு ஓட்டு வீட்டை இடிச்சுத் தார்சு போட்டுட்டார். பொண்ணுக்குக் கல்யாணம் முடிச்சார். பையனை இன்ஜினியரிங் படிக்க வச்சார். பையன் இப்போ சென்னையில ஒரு கம்பெனியில இருக்கான். ரூம் வாடகைக்கு அப்பாதான் ஜிபே பண்றார். "ஏண்ணா, அவனுக்கு இதைக் கத்துக் கொடுத்திருக்கலாமே?"ன்னு ஒருதரம் கேட்டேன். "கை கருப்பா இருந்தா பொண்ணு கொடுக்க மாட்டேங்கறாங்க கண்ணு"ன்னார். இருபது வருஷம் முன்னால இதே வேலைக்காரனுக்குப் பொண்ணு கொடுக்க ஆள் வரிசையில நின்னாங்க.

வடநாட்டுப் பையன் ஒருத்தன் இப்போ அவர்கிட்ட இருக்கான், பீகார்க்காரன். ரெண்டு வருஷமாச்சு, தமிழும் பேசறான். சுத்து எண்ணுறதை இந்த வருஷம்தான் அவன்கிட்ட விட்டிருக்கார். நோட்டு இன்னும் அவர் மேசை டிராயர்லதான் இருக்கு, சாவி இடுப்புல.

இந்தச் சித்திரையில கடை வாசல்ல ஆறு மோட்டார் காத்துக்கிட்டு இருந்துச்சு. என்னோடது நாலாவது. மஞ்சள் நட்டு இருபது நாள்தான் ஆகியிருந்துச்சு, பக்கத்துத் தோட்டத்துல இருந்து ஓஸ் போட்டு அஞ்சு நாள் சமாளிச்சேன்.